சாப்பிடாதவர் சொன்ன ருசி



கடந்த மாதம் இந்தப் பக்கத்தில் சேமிப்புக் குழுக்களின் கணக்குப் புத்தகம் பற்றி எழுதியிருந்தேன். மீதியை இம்மாதம் எழுதுவதாகவே இருந்தேன். இடையில் முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் வந்து அதைப் பின்தள்ளிவிட்டது. அவருடைய பெயரையும் ஊரையும் இங்கே சொல்லப்போவதில்லை. கடிதத்தின் சாரம் இதுதான்.

அவருடைய கைத்தொலைபேசிக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. வீட்டிலிருந்தபடியே செய்யலாம். அவர்கள் அனுப்பும் பட்டியலில் உள்ள ஹோட்டல்களுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, ‘சாப்பாடு மிக நன்று’ என்று ஒரு வரி எழுத வேண்டும். ஒன்றுக்கு 150 ரூபா. “முதல் நாளே 600 ரூபா வந்துவிட்டது மிஸ். இப்போது கூடுதல் வேலை தருவதற்கு 5,000 ரூபா கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?” என்று கேட்டிருந்தார்.

கட்ட வேண்டாம் என்பதை கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். ஏன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். ஆனால் கடிதத்தின் அடியில் இன்னொரு கேள்வியும் இருந்தது. “நான் போகாத கடைக்கு நல்லது என்று எழுதினால் யாருக்கு என்ன நட்டம்? நல்லதைத்தானே சொல்கிறேன்?” இதற்கு தொலைபேசியில் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம், அதே வேலையை ஒரு சதமும் வாங்காமல் நானும் செய்திருந்தேன்.

அந்தக் கதை எங்கள் தெமோதரையில் நடந்தது. எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பதுளைக்குப் போகும் ரயில் தெமோதரை நிலையத்தை விட்டு மலையைச் சுற்றி இறங்கி, தான் நின்ற அதே நிலையத்துக்குக் கீழேயுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து போகும். அந்தப் பாதை 1924 இல் பதுளையை எட்டியது. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையில் 1921 இல் கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அந்தப் பாலத்தைப் பார்ப்பதற்கென்று ஒருவரும் வந்ததாக நினைவில்லை. விறகு கட்டிக்கொண்டு கடந்துபோகிற பாலம், அவ்வளவுதான். இப்போது உலகமெல்லாம் இருந்து வருகிறார்கள். தண்டவாளத்தில் நடந்து, தேயிலைக்குள் இறங்கி, படம் பிடித்து, பசியெடுத்ததும் கைத்தொலைபேசியைப் பார்க்கிறார்கள். எங்கே சாப்பிடலாம் என்று எங்களிடம் கேட்பவர்கள் குறைவு. வரைபடத்தில் எந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துவிட்டு நடக்கிறார்கள்.

அப்படி நடக்கிற ஒரு பாதையில் ஓர் அக்கா சிறிய கடை வைத்திருக்கிறார். தகரக் கூரை, இரண்டு வாங்கு, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு விறகு அடுப்பு. தேங்காய் ரொட்டி, கட்டசம்பல், பிளேன்டீ, இஞ்சித் தேத்தண்ணி. வேறொன்றும் இல்லை. அவருடைய பெற்றோர் ஊவாத் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1977 கலவரத்தில் அடிபட்டு, எல்லாவற்றையும் விட்டு வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. அக்கா கிளிநொச்சியில் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, 2009 இல் கணவரை இழந்து, முகாமில் இருந்து வெளியே வந்து, இரண்டு பிள்ளைகளோடு தெமோதரையில் இருந்த சின்னம்மாவிடம் வந்து சேர்ந்தவர். கொழுந்து எடுக்கப் போய்ப் பார்த்தார். வன்னியில் வளர்ந்த உடம்புக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. கடை போட்டார். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, பிறகு 2022 பொருளாதார நெருக்கடி, பிறகு 2025 நவம்பரில் டித்வா புயல் என்று ஒவ்வொரு முறையும் பயணிகள் வருவது நிற்கும்போது கடையும் படுத்துவிடும். திரும்ப எழுப்புவார்.

கடையை வரைபடத்தில் ஏற்றியது மகள். ஆறு பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். ஒருவர் மூன்று. ஒருநாள் மாலை நான் போனபோது அக்கா ரொட்டியைக்கூட எனக்கு நீட்டவில்லை, கைத்தொலைபேசியை நீட்டினார். புதிதாக இரண்டு பதிவுகள். இரண்டும் ஒற்றை நட்சத்திரம். ஒன்றில் ஒரு சொல்லும் இல்லை. மற்றதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசித்துத் தமிழில் சொன்னேன். கோழிக்கறியும் சோறும் ஆறிப்போயிருந்தது, கடைக்காரன் மரியாதை இல்லாமல் பேசினான்.

“நான் சோறே விக்கிறதில்லையே மிஸ். கடைக்காரன்னு யாரு இருக்கா இங்க?” என்றார் அக்கா.

வேறொரு கடை என்று நினைத்து இங்கே எழுதியிருக்கலாம். யாராவது வேண்டுமென்றே செய்திருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வழியும் இல்லை. நான் கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு பேர் எழுதியிருந்தபோது கடையின் சராசரி 4.7. இந்த இரண்டு பேர் வந்ததும் 3.9. ஆயிரம் பேர் ஐந்து நட்சத்திரம் போட்ட பெரிய ஹோட்டலுக்கு இதே இரண்டு பேர் வந்தால் சராசரி 4.99 ஆக நிற்கும். அவர்களுக்கு நுளம்புக் கடி, இவருக்கு வயிற்றில் அடி.

இது என் மனக்கணக்கு மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லூகா என்ற ஆய்வாளர் சியாட்டில் நகரத்து உணவகங்களின் வருமானத்தை இணைய நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு 2011 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 வீதம் வரை கூடியது. ஆனால் அது தனியார் நடத்தும் ஒற்றைக் கடைகளுக்கு மட்டும். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு நட்சத்திரத்தால் ஒரு வித்தியாசமும் வரவில்லை. பெயர் தெரிந்தவர்களுக்கு எவருடைய சாட்சியும் தேவையில்லை அல்லவா. அதே ஆய்வாளர் இன்னொருவருடன் சேர்ந்து பொஸ்டன் நகரத்தைப் பற்றி 2016 இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே உணவகங்களைப் பற்றி வந்த பதிவுகளில் ஏறத்தாழ 16 வீதத்தை அந்த இணையத்தளமே சந்தேகப்பட்டு வடிகட்டி வைத்திருந்தது தெரியவந்தது. போட்டி கூடிய இடத்தில் பக்கத்துக் கடையைக் கெடுக்கும் பொய்யும் கூடுகிறதாம். இதை வாசித்தபோது எங்கள் பாதையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக முளைத்திருக்கும் தகரக் கூரைகள்தான் என் கண்ணுக்குள் வந்தன.

அன்றிரவு நான் என்ன செய்தேன் தெரியுமா? நான் ஐந்து நட்சத்திரம் போட்டேன். பதுளையில் எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் ஏழு பேரிடம் சொல்லி அவர்களையும் போட வைத்தேன். அதில் ஒருவர்கூட அக்காவின் கடையைப் பார்த்தவர் இல்லை. ஒருவர் “சுவையோ சுவை” என்று எழுதினார். இன்னொருவர் “இடியப்பம் பிரமாதம்” என்று எழுதிவிட்டார். அக்காவின் கடையில் இடியப்பமும் இல்லை! சராசரி 4.4 ஆக ஏறியது. எனக்கு நல்ல காரியம் செய்த நிறைவு. நன்றாகத் தூங்கினேன்.

இடியப்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுவாரம் அக்கா சிரித்தார். “சோறுன்னு எழுதினவனும் இடியப்பம்னு எழுதினவரும் ஒரே வாங்குல உக்காந்து சாப்பிட்டிருப்பாங்க போல” என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

சகோதரிகளே, நம்மில் பலர் சாட்சி சொல்லிப் பழகியவர்கள். 2010 இல் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. அதற்குப் பிறகு வேறு ஆணைக்குழுக்கள். 2018 முதல் காணாமற்போனோர் அலுவலகம். ஒவ்வொரு முறையும் எத்தனை கேள்விகள்? எந்த இடம், எத்தனை மணி, யார் கூட இருந்தது, நீங்கள் கண்ணால் கண்டதா, பிறர் சொல்லிக் கேட்டதா, பத்திரம் இருக்கிறதா. அழுதுகொண்டே பதில் சொன்னவர்களுக்குப் பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன். ஒரு பெண் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்வதை நம்புவதற்கு இத்தனை கேள்வி கேட்கிற உலகம், ஒரு கடையில் வேகிற அடுப்பை அணைக்கக்கூடிய சொல்லை எழுதுபவரிடம் ‘நீ அங்கே சாப்பிட்டாயா’ என்ற ஒரு கேள்வியைக்கூடக் கேட்பதில்லை.

கேட்காவிட்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு லண்டனில் ஒரு வேடிக்கை நடந்தது. ஊபா பட்லர் என்ற இளைஞர் முன்பு காசுக்குப் பொய்ப் பதிவு எழுதிக் கொடுத்தவர். ஒரு பதிவுக்கு பத்து பவுண். 2017 இல் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கடையைப் பற்றிப் பொய் எழுதலாம் என்றால், இல்லாத கடையையே உண்டாக்கினால் என்ன? தான் குடியிருந்த தோட்டத்துக் கொட்டிலுக்கு ‘த ஷெட் அட் டல்விச்’ என்று பெயர் வைத்து ட்ரிப் அட்வைசர் தளத்தில் பதிந்தார். சவர நுரையையும் கழிவறையில் போடும் வில்லையையும் வைத்து உணவு போல் அலங்கரித்துப் படம் எடுத்தார். ஒரு படத்தில் தட்டில் இருந்தது அவருடைய குதிக்கால்! நண்பர்களைக் கொண்டு பாராட்டு எழுத வைத்தார். தொலைபேசி செய்தவர்களிடம் இடமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இடமில்லை என்றால் மேலும் கேட்பார்கள், மனித சுபாவம். அந்த ஆண்டு நவம்பரில் லண்டனின் 18 ஆயிரத்துக்கும் அதிகமான உணவகங்களில் முதலாவதாக அந்தக் கொட்டில் நின்றது. அதுவரை ஒருவருக்கும் ஒரு பிடி உணவும் அங்கே கொடுக்கப்படவில்லை. கடைசியில் ஒரேயொரு இரவு திறந்து, கடையில் விற்கும் மலிவான பொதி உணவைச் சூடாக்கி வைத்தபோது, வந்தவர்களில் சிலர் திரும்பவும் வரலாமா என்று கேட்டார்களாம்.

சிரிக்கத்தக்க கதைதான். இத்தாலியில் நடந்ததில் சிரிப்பில்லை. அங்கே லெச்சே என்ற நகர நீதிமன்றம் 2018 இல், ஹோட்டல்களுக்குப் பொய்ப் பாராட்டு எழுதி விற்ற ஒருவரை ஒன்பது மாதம் சிறைக்கு அனுப்பியது. இந்தியா 2022 நவம்பரில் இணையப் பதிவுகளுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தர நியமத்தை வெளியிட்டது. அப்போது அதைப் பின்பற்றுவது கட்டாயமாக்கப்படவில்லை. அமெரிக்காவில் பொய்ப் பதிவுகளை வாங்குவதையும் விற்பதையும் தடுக்கும் விதி 2024 ஒக்டோபரிலும், பிரித்தானியாவில் 2025 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. கூகுள் நிறுவனம் தன் வரைபடத்தில் 2023 ஆம் ஆண்டில் மட்டும் 17 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை விதிமீறல் என்று தடுத்ததாக அல்லது நீக்கியதாக அறிவித்தது. இப்போது கணினியே மனிதர் போல எழுதுவதால், நூறு பொய்க்கு நூறு பேர்கூடத் தேவையில்லை.

இனி கடிதம் எழுதிய சகோதரிக்கு வருகிறேன். அந்த 600 ரூபா உங்களுக்குக் கிடைத்த சம்பளம் என்று நினைக்கிறீர்கள். அது தூண்டிலில் குத்திய புழு. இந்திய உள்துறை அமைச்சின் பரிந்துரையின் பேரில் 2023 டிசம்பரில் இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையத்தளங்கள் முடக்கப்பட்டன. பகுதிநேர வேலை தேடும் பெண்கள், ஓய்வுபெற்றவர்கள், வேலையற்ற இளைஞர்கள் ஆகியோரையே இவர்கள் குறிவைக்கிறார்கள் என்று அந்த அறிவிப்பில் சொல்லப்பட்டது. முறையும் அப்படியே. வட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒருவர் கதைக்கத் தொடங்குவார். காணொளிக்கு விருப்பம் போடு, வரைபடத்தில் கடைக்கு நட்சத்திரம் போடு என்று சின்ன வேலை கொடுப்பார். சொன்னபடி காசும் போடுவார். நம்பிக்கை வந்ததும், பெரிய வேலைக்கு முன்பணம் கேட்பார். கட்டிய பணம் இரண்டு மடங்காகிவிட்டதாகத் திரையில் தெரியும். எடுக்கப் போனால் வராது. எடுப்பதற்கு இன்னும் கட்டு, வரி கட்டு என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

5,000 ரூபா என்றால் எவ்வளவு? தோட்டத்தில் 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தால் ஏறத்தாழ நான்கு நாள் கொழுந்து. நுண்கடன் தவணைக்கென்று ஒதுக்கிய காசாக அது இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஏற்கனவே கட்டிவிட்டவர்கள் யாராவது இதை வாசித்தால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மேலும் ஒரு சதம் அனுப்பாமல், வந்த செய்திகளையும் பணம் போட்ட சீட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, உடனே வங்கிக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். இலங்கை கணினி அவசர நிலைமைகளுக்கான குழுவின் 101 என்ற இலக்கத்திலும் முறையிடலாம். வங்கி அட்டையின் படத்தையோ தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையோ கொடுத்திருந்தால், முதல் வேலையாக அதை வங்கியில் சொல்லி நிறுத்துங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இப்போது பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் போட்ட ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்து ஒருவர் அந்தக் கடைக்குப் போகும்போது, பக்கத்தில் நட்சத்திரம் வாங்கக் காசில்லாமல் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தியைக் கடந்துதான் போகிறார். அது எங்கள் அக்காவாகவும் இருக்கலாம்.

அப்படியென்றால் இணையத்தில் எழுதுவது எல்லாமே பொய்யா? இல்லை. முன்பு மட்டும் எல்லாம் சுத்தமாக இருந்தது என்றும் சொல்லமாட்டேன். தரகுப் பணத்துக்காக நல்ல கடையைத் தாண்டி வேறு கடையில் இறக்கிவிடும் ஆட்டோக்காரரை எங்களுக்கும் தெரியும். ஆனால் அவரை மறுநாள் சந்தியில் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம்.

நானும் அக்காவும் மகளும் ஒருநாள் உட்கார்ந்து அந்தப் பதிவுகளைத் திரும்ப வாசித்தோம். பேராதனையில் சமூகவியல் படித்தபோது வெளிக்களத்துக்குப் போகும் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், ஓடிவந்து பேசுகிறவர்களை மட்டும் வைத்து ஊரைப் பற்றி எழுதாதே என்பது. இங்கேயும் அதுதான். மிகவும் சந்தோசப்பட்டவரும் மிகவும் கோபப்பட்டவரும் எழுதுகிறார்கள். வயிறு நிறைந்து பேசாமல் போகிறவர்களே அதிகம். எழுதியவரின் பெயரைத் தொட்டால் அவர் வேறு எங்கே எழுதியிருக்கிறார் என்று தெரியும். சொல் இல்லாத ஒற்றை நட்சத்திரக்காரர் வேறு எங்கும் எழுதியதேயில்லை. சோற்றுக்காரர் ஒரே நாளில் நான்கு ஊர்களில் சாப்பிட்டிருந்தார், அவ்வளவு வயிறு யாருக்கு உண்டு?

மூன்று நட்சத்திரம் போட்டவரை அக்கா தொடக்கத்திலிருந்தே மன்னிக்கவில்லை. அதை நான் அவருக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ரொட்டி சுடச்சுட இருந்தது. இஞ்சித் தேத்தண்ணி மிக நன்று. சம்பல் எங்களுக்கு உறைப்பு அதிகம். விலையை முதலே சொல்லவில்லை. மலசலகூடம் இல்லை.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இவன் சாப்பிட்டிருக்கான்” என்றார்.

மறுநாள் மகள் மட்டையில் விலை எழுதித் தொங்கவிட்டாள். சம்பலை இரண்டு விதமாக இடித்து வைக்கத் தொடங்கினார் அக்கா. மலசலகூடம்தான் முடியவில்லை. கடை நிற்கும் நிலம் தோட்டத்துக்குரியது. நாலு தலைமுறையாக உழைத்த மண்ணில் ஒரு குழி வெட்டவும் அனுமதி கேட்கவேண்டிய கதையை இன்னொரு மாதம் எழுதுகிறேன். சோற்றுக்காரருக்கு, ‘எங்கள் கடையில் ரொட்டி மட்டுமே உண்டு, சோறு விற்பதில்லை, வந்து பாருங்கள்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பதில் எழுதினோம். முறைப்பாடும் செய்தோம். அந்தப் பதிவு இதை எழுதும்வரை அங்கேயே இருக்கிறது, எங்கள் பதிலும் அதன் கீழே இருக்கிறது.

என்னுடையதையும் மற்ற ஏழையும் அழிக்கச் சொன்னேன். “உதவி செய்யப் போய் இப்ப நீங்களே இழுத்து விழுத்துறீங்களே மிஸ்” என்று அலுவலகத்தில் ஒரு தங்கச்சி கோபித்துக்கொண்டாள். சராசரி திரும்ப 3.9 இல் வந்து நின்றது. அந்தக் கிழமை கடைக்கு ஆள் குறைந்ததா என்று அக்காவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பதுளையிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். நல்ல மழை. வாங்கில் நெருக்கி உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு ரொட்டி சாப்பிட்டார்கள். காசு வேண்டாம் என்று அக்கா மறுக்க, கொடுக்காமல் எழும்ப மாட்டோம் என்று இருந்து கொடுத்தார்கள். கைத்தொலைபேசியை அங்கேயே எடுத்தார்கள். இரண்டு பேர் ஐந்து போட்டார்கள். மற்ற இரண்டு பேர் நாலு. கோபித்த தங்கச்சிதான் நாலு போட்டவர்களில் ஒருத்தி. சம்பலில் உப்புத் தூக்கல் என்று எழுதினாள்.

அக்கா மகளிடம் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கிண்ணத்தில் மிச்சமிருந்த சம்பலை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“ஆமா, கொஞ்சம் தூக்கல்தான்” என்று சொல்லி, இன்னொரு தேங்காயை உடைத்தார்.